கறுப்புத் திரையில் உடையார்பாளையம்

இணையத்தில் தேடும் கருவிகளை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் அளக்கிறார்கள். எத்தனை நொடியில் வந்தது, எத்தனை முடிவுகள் வந்தன, வண்ணம் மாற்ற வசதி உண்டா என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பட்டியலால் பெரிய உபயோகம் இருந்ததில்லை. பெரிய ஊரைத் தேடினால் எந்தக் கருவியும் நல்ல கருவிதான். மதுரை என்று தட்டினால் எதுவும் கைவிடாது. ஒரு சின்ன ஊரின் பெயரையும், அந்த ஊரோடு சேர்ந்த, பலரும் மறந்துவிட்ட ஒரு மனிதரின் பெயரையும் கொடுத்துப் பார்த்தால்தான் கருவியின் குணம் தெரியும்.

என் ஊர் உடையார்பாளையம். அரியலூர் மாவட்டம். நான் தேடுகிற மனிதர் கனம் கிருஷ்ணையர். உடையார்பாளையம் ஜமீனில் ஆஸ்தான வித்துவானாக இருந்தவர். தஞ்சை அரண்மனைக்கு வந்த பொப்பிலி கேசவையாவின் பாட்டைக் கேட்டு, கன மார்க்கத்தைக் கற்றுத் தேர்ந்து, அதனாலேயே பெயருக்கு முன்னால் 'கனம்' வாங்கியவர். உ.வே.சாமிநாதையரின் தகப்பனார் வேங்கடசுப்பையர் இவரிடம்தான் சங்கீதம் கற்றார். உறவும் உண்டு. அதனால் உ.வே.சா. இவரைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதினார்; 'என் சரித்திர'த்திலும் எங்கள் ஊரும் ஜமீனும் வருகின்றன.

டெர்மினலில், அதாவது தமிழ்க் கணிமைக்காரர்கள் முனையம் என்று சொல்லும் அந்தக் கறுப்புத் திரையில், இதைத் தேட வேண்டிய அவசியம் என்ன? காரணம் சாதாரணமானது. என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. அதில் பிரௌசரைத் திறந்து நான்கு பக்கம் போனாலே விசிறி இரைய ஆரம்பித்துவிடும். முனையத்தில் எழுத்து மட்டும்தான் வரும். விளம்பரமில்லை, தானாக ஓடும் வீடியோ இல்லை, 'குக்கீ ஏற்கிறீர்களா' என்ற கெஞ்சல் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. கிடைத்ததை உடனே ஒரு கோப்பில் சேமித்து, அடுத்த வாரம் அதே கேள்வியை மறுபடி கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பிரௌசரில் அது கஷ்டம்.

எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இருக்கிறார். ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, பலகையில சாக்பீஸால எழுதினாப்ல இருக்கு. இதுல போய் என்னத்தத் தேடுற?" என்றார். "நம்ம ஊரைத்தான் ஐயா" என்றேன். "நம்ம ஊரை எந்த எழுத்துல தேடுவ? நானே மூணு விதமா எழுதிக் கொடுத்திருக்கேன் பிள்ளைங்களுக்கு" என்றார். இந்தக் கட்டுரையின் சிக்கல் முழுவதையும் அவர் அங்கேயே சொல்லிவிட்டார்.

பெயர் ஒன்று, வடிவம் பல

உடையார்பாளையம் என்று சேர்த்தும் எழுதுகிறார்கள். உடையார் பாளையம் என்று பிரித்தும் எழுதுகிறார்கள். உடையார்ப்பாளையம் என்று ஒற்று மிகுத்தும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் நடுவில் வரும் 'யா'வுக்கு முன்னால் ஒரு எழுத்து கூடும், குறையும். 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஓர்ம் எழுதிய ராணுவ வரலாற்றில் நம் ஊர் 'வொரியோர்பொல்லம்' என்பதுபோல் திரிந்து, 'அரியலோர்' பாளையத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

மாவட்டமும் நிலையாக இல்லை. 1995 வரை திருச்சிராப்பள்ளி. பிறகு பெரம்பலூர். 2001இல் அரியலூர் மாவட்டம் பிறந்து, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் தனியானது. ஆகவே ஊர்ப் பெயரோடு 'அரியலூர்' என்று சேர்த்துத் தேடுகிறவர் 2007க்கு முன் எழுதப்பட்ட பெரும்பகுதியைத் தானே ஒதுக்கிவிடுகிறார்.

கனம் கிருஷ்ணையர் இன்னும் மோசம். கிருஷ்ண ஐயர், கிருஷ்ணய்யர், கிருட்டிணையர், கிருஷ்ணஐயர். 'கனம்' என்பதை மட்டும் கொடுத்தால் எடையும் வரும், 'கனம் கோர்ட்டார் அவர்கள்' என்று வழக்கு மனுவும் வரும். இதற்குமேல் தமிழின் வேற்றுமை உருபு: உடையார்பாளையத்தில், உடையார்பாளையத்துக்கு, உடையார்பாளையத்தார். எழுதுகிறவருக்கு இவை ஒரே ஊர். இயந்திரத்துக்கு ஒவ்வொன்றும் வேறு சொல்.

இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு கருவிகளிடம் போவோம்.

லின்க்ஸும் டபிள்யூ3எம்மும்

இவை தேடும் கருவிகள் அல்ல, எழுத்து மட்டும் காட்டும் பிரௌசர்கள். ஆனால் முனையத்தில் தேட ஆரம்பித்த எல்லோரும் இவற்றில்தான் ஆரம்பித்தார்கள். லின்க்ஸ் 1992இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இன்றும் பராமரிக்கப்படுகிறது. டபிள்யூ3எம் ஜப்பானில் பிறந்தது. வலையைப் 'பார்க்கிறேன்' என்ற ஜப்பானியச் சொல்லின் முதலெழுத்துதான் அந்தக் கடைசி 'எம்'.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரசனை வித்தியாசம். லின்க்ஸ் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக வாசித்துக் காட்டும். அட்டவணை இருந்தால் அதைக் கலைத்துப்போடும். டபிள்யூ3எம் அட்டவணையை அட்டவணையாகவே நிறுத்தப் பார்க்கும். ஆசிரியர், நூல், ஆண்டு என்று கட்டம் போட்ட நூலகப் பட்டியல்களைப் பார்க்க டபிள்யூ3எம் தேவலை. நீளமான கட்டுரை வாசிக்க லின்க்ஸ் போதும்.

ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டுக்கும் தெரியாது. 2025 ஜனவரியில் கூகுள் தன் தேடலுக்கு ஜாவாஸ்கிரிப்டைக் கட்டாயமாக்கியது. தானியங்கித் துழாவல்களையும் முறைகேட்டையும் தடுக்க என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் நியாயமாகவே இருக்கலாம். விளைவு என்னவென்றால், கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் திறந்திருந்த ஒரு வாசல், லின்க்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மூடிவிட்டது. டக்டக்கோ இன்னும் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத எளிய பக்கங்களை வைத்திருக்கிறது. ஆகவே இந்த இரண்டு பிரௌசர்களோடும் இன்று ஒத்துப்போகிற பெரிய தேடுபொறி அதுதான்.

சர்ஃப்ரா

பழைய யூனிக்ஸ் கிண்டல் மிகுந்த கருவி இது. 'உலகளாவிய வலைக்கு எதிரான கட்டளைவரிக்காரர்களின் புரட்சி முன்னணி' என்பதுபோல் ஒரு நீண்ட பெயரின் சுருக்கம். முதலில் எழுதியவர் ஜூலியன் அசாஞ்ச். விக்கிலீக்ஸ் எல்லாம் பிறகுதான்.

சர்ஃப்ரா தானாக எதையும் தேடாது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குட்டி நிரல் வைத்திருக்கும்; அதற்கு 'எல்வி' என்று பெயர். எந்தத் தளம், என்ன சொல் என்று சொன்னால், அந்தத் தளத்தின் தேடல் முகவரியைச் சரியாகக் கட்டி, நாம் விரும்பும் பிரௌசரில் திறந்துவிடும். நல்ல நூலகர் செய்யும் வேலை மாதிரி: 'உன் கேள்விக்கு இந்த அலமாரி' என்று கைகாட்டுவதோடு சரி.

இதன் பலம் தேடுபொறியைத் தாண்டிப் போகச் சொல்வதில் இருக்கிறது. தமிழ் விக்கிமூலத்துக்கு ஒரு எல்வி, இலங்கையின் நூலகம் தளத்துக்கு ஒன்று, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கு ஒன்று என்று நாமே பத்து வரியில் எழுதிக்கொள்ளலாம். கனம் கிருஷ்ணையர் மாதிரி ஆளுக்குப் பொதுத் தேடலைவிட இப்படிப்பட்ட குறிப்பான வாசல்கள்தான் பலன் தருகின்றன. பலவீனம், கூடவே வரும் பழைய எல்விகளில் பல இன்று இல்லாத தளங்களைச் சுட்டுகின்றன. பழைய டெலிபோன் டைரக்டரியை வைத்துக்கொண்டு போன் போடுவதுபோல் இருக்கும்.

கூகுளரும் டிடிஜிஆரும்

இரண்டையும் உருவாக்கியவர் அருண் பிரகாஷ் ஜானா என்ற இந்திய நிரலாளர். இரண்டும் பைத்தானில் எழுதப்பட்டவை. ஒன்று கூகுளுக்கு, மற்றது டக்டக்கோவுக்கு. கூகுளர் இருந்தவரை அதுதான் அரசன். மொழியைக் குறிக்கலாம், நாட்டைக் குறிக்கலாம், ஒரே தளத்துக்குள் தேடலாம், காலவரம்பு வைக்கலாம். ஆனால் அது கூகுளின் அனுமதியோடு ஓடிய கருவி அல்ல. கூகுள் தரும் பக்கத்தைப் பிரித்து அதிலிருந்து சுட்டிகளைப் பொறுக்கி எடுக்கும். பக்கத்தின் கட்டமைப்பு மாறும்போதெல்லாம் உடையும். யாராவது சரிசெய்வார்கள், மறுபடி உடையும். கடைசியில் பராமரிப்பை நிறுத்தி, திட்டத்தை ஆவணமாக மூடி வைத்துவிட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கடை போட்டவர் எவ்வளவு நாள்தான் தாக்குப்பிடிப்பார்?

டிடிஜிஆர் பிழைத்திருப்பதற்குக் காரணம் டக்டக்கோவின் அந்த எளிய பக்கம்தான். தினசரி உபயோகத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். வழக்கமாகப் பத்து முடிவுகள் காட்டும். எண்ணைத் தட்டினால் பிரௌசரில் திறக்கும். ஒரே தளத்துக்குள் தேடும் வசதி உண்டு. முடிவுகளை ஜேசான் வடிவில் கோப்பாக எடுக்கலாம். 'பேங்' என்ற ஆச்சரியக்குறிக் குறுக்குவழியும் வேலை செய்யும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, இதன் இயல்பான வட்டாரம் அமெரிக்கா. மாற்றாவிட்டால் நம் கேள்வி அமெரிக்காவிலிருந்து கேட்கப்பட்டதாகவே போகும். மாற்றலாம் என்றால் இந்தியாவுக்குக் காட்டப்படும் குறியீடு 'இந்தியா–ஆங்கிலம்'. நாடு என்றால் ஒரு மொழி என்று நினைக்கிறவர்கள் வகுத்த பட்டியல் அது. தமிழில் கேட்டால் தமிழ் முடிவுகள் வரத்தான் செய்கின்றன; ஆனாலும் நாம் அந்தப் பட்டியலில் இல்லாதவர்களாகத்தான் கேட்கிறோம்.

இரண்டாவது, மேற்கோள் குறி. சொற்றொடரை அப்படியே தேடுவதற்கு இரட்டை மேற்கோள் போடுவோம். முனையத்தில் அந்தக் குறியை ஷெல்லே தின்றுவிடும். ஆகவே வெளியே ஒற்றை மேற்கோள், உள்ளே இரட்டை மேற்கோள் என்று இரண்டு சட்டை போட வேண்டும். அப்படிப் போட்டுக் கேட்டாலும், சரியான முடிவுகள் இல்லையென்றாலோ குறைவாக இருந்தாலோ தொடர்புடையவற்றைக் காட்டுவோம் என்று டக்டக்கோவே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. மளிகைக் கடையில் கேட்ட பொருள் இல்லாவிட்டால் 'இல்லை' என்று சொல்லாமல் வேறொன்றை எடுத்து நீட்டுவார்களே, அது மாதிரி. பெரிய ஊருக்கு இதனால் நஷ்டமில்லை. சின்ன ஊரைத் தேடும்போது 'இதைப் பற்றி யாரும் எழுதவில்லை' என்பதே ஒரு தகவல். அதைக் கருவி நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது.

மூன்றாவது, டக்டக்கோவின் வழக்கமான சுட்டிகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பிங்கிலிருந்து வருகின்றன. ஆகவே 'கூகுள் வேண்டாம்' என்று இங்கே வந்தவர் இன்னொரு பெரிய வீட்டின் கொல்லைப்புறத்தில்தான் நிற்கிறார். அந்தப் பெரிய வீடு வெளி நிரலாளர்களுக்குத் திறந்திருந்த தேடல் ஏபிஐ சேவையை 2025 ஆகஸ்டில் நிறுத்தியது. திண்ணைகள் எல்லாப் பக்கமும் குறைந்துகொண்டே வருகின்றன.

சேர்எக்ஸ்என்ஜி

இது பல தேடுபொறிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, பதில்களைக் கலந்து தரும். நம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். முனையத்திலிருந்து கேட்டால் ஜேசானில் பதில் வாங்கலாம்; ஆனால் அந்த வடிவம் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அமைப்புக் கோப்பில் நாமே திறக்க வேண்டும். பல பொதுச் சேவையகங்களில் அதைத் திறப்பதில்லை.

கொள்கையளவில் எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. ஒரு பொறி தவறவிட்டதை இன்னொன்று பிடிக்கும். எந்த முடிவு எந்தப் பொறியிலிருந்து வந்தது என்றும் சொல்லும். ஒரு விமர்சகனுக்கு அது முக்கியம். சிரமம் நிறுவுவதிலும் பராமரிப்பதிலும். வாரத்துக்கு நாலு தடவை தேடுகிறவருக்கு இது ஆடிக்காற்றில் பந்தல் போடுகிற வேலை. நூலகம் வைத்திருப்பவர்கள், ஆய்வுக்குழுவாக வேலை செய்பவர்கள் கட்டாயம் முயல வேண்டும்.

தமிழ் ஏன் உடைந்து தெரிகிறது

இனி எல்லாக் கருவிக்கும் பொதுவான ஒரு குறை. முனையம் என்பது சமமான கட்டங்களாகப் பிரித்த பலகை. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்பது அதன் பிறவிக் கணக்கு. சீன, ஜப்பானிய எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று பிறகு ஒதுக்கினார்கள். தமிழில் 'கி' எத்தனை கட்டம்? 'ணை'? 'கொ'வில் கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும். ஆனால் நினைவகத்தில் முதலில் வருவது 'க'தான். பல முனைய நிரல்கள் கொம்பை இடம் மாற்றாமல் அப்படியே போட்டுவிடும். 'ஜெயங்கொண்டம்' ஏதோ கல்வெட்டில் சிதைந்த வரி மாதிரி தெரியும். எம்எல்டெர்ம் போன்ற, இந்திய எழுத்துகளையும் கணக்கில் எடுத்த முனையங்கள் உண்டு. மற்றவற்றில் நிலைமை ஒன்று போல ஒன்று இல்லை.

இதில் ஒரு ஆறுதல்: காட்சிதான் உடைகிறது, எழுத்து உடைவதில்லை. அதே முடிவைக் கோப்பில் சேமித்து எடிட்டரில் திறந்தால் தமிழ் ஒழுங்காக நிற்கும். ஆகவே தமிழில் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது, திரையில் வாசிக்காதீர்கள். முடிவைக் கோப்புக்கு அனுப்பி வாசியுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி எரிச்சல் போய்விடும்.

சொந்தக் களஞ்சியமும் கிரெப்பும்

இத்தனை கருவிகளைப் பார்த்தபிறகு, கனம் கிருஷ்ணையரைப் பற்றி எனக்கு அதிகம் கொடுத்தது இவற்றில் எதுவும் அல்ல. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், அதன்பின் வந்த விக்கிமூலம் ஆகியவற்றிலிருந்து எழுத்துக் கோப்புகளை இறக்கி ஒரு அடைவில் சேர்த்து வைத்து, கிரெப் என்ற பழைய கட்டளையால் தேடியதுதான். கிரெப்புக்கு 'பிரபலம்' தெரியாது. ஆயிரம் பேர் படித்த வரியும், யாரும் படிக்காத அடிக்குறிப்பும் அதற்கு ஒன்று. இருந்தால் காட்டும், இல்லாவிட்டால் மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தை நம்பலாம்.

ஆனால் நம்புவதற்கு முன் தமிழ் குறியேற்றம் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வாத்தியார் சொன்ன மூன்று எழுத்துமுறையையும் ஒரே கட்டளையில் பிடிக்க, 'ப்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று சொல்லும் கேள்விக்குறியைப் போடுவோம். 'உடையார்ப்?பாளைய' என்று எழுதினால் நாம் நினைப்பது நடக்காது. நமக்கு 'ப்' ஓர் எழுத்து. யூனிகோடுக்கு அது 'ப'வும் புள்ளியுமாக இரண்டு. கேள்விக்குறி புள்ளியை மட்டும்தான் பற்றும். சரியான வடிவம் 'உடையார்(ப்)? ?பாளைய'. அடைப்புக்குறிக்குள் மெய்யெழுத்து, பிறகு ஒரு விருப்ப இடைவெளி, கடைசியில் 'ம்'மை வெட்டிவிட்டால் 'பாளையத்தில்', 'பாளையத்தார்' எல்லாம் வலையில் விழும். இந்த விரிந்த வடிவம் புரிய, கட்டளையோடு நீட்டித்த கோவைக்கான தெரிவையும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது 'கொ', 'சோ' போன்றவை. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. கிரெப் அந்த விதியைப் பார்ப்பதில்லை. எங்கள் தாலுகாவின் புகழ்பெற்ற இடமான கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தப் பொறி இரண்டு இடத்தில் இருக்கிறது. முதல் வேலையாகக் கோப்புகளை எல்லாம் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிவிட வேண்டும். டிஸ்கி போன்ற பழைய குறியேற்றத்தில் இருக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். பைத்தானில் சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அதன் வழக்கமான கோவைத் தொகுதியில் 'சொல்லெழுத்து' என்ற குறி புள்ளியையும் உயிர்க்குறியையும் சேர்த்துக்கொள்ளாது. தமிழ்ச் சொற்களை நடுவிலேயே வெட்டிப் போட்டுவிடும்.

என் தீர்ப்பு

வரிசைப்படுத்தச் சொன்னால் இப்படிச் சொல்வேன். தினசரிக்கு டிடிஜிஆர், வட்டாரத்தை மாற்றி, முடிவைக் கோப்பில் எடுத்து. குறிப்பான தளங்களுக்கு சர்ஃப்ரா, ஆனால் நாமே எழுதிய எல்விகளோடு. வாசிக்க லின்க்ஸ், பட்டியல் பார்க்க டபிள்யூ3எம். குழுவாக வேலை செய்தால் சேர்எக்ஸ்என்ஜி. எல்லாவற்றுக்கும் அடியில், சொந்தமாகச் சேர்த்த எழுத்துக் களஞ்சியமும் கிரெப்பும்.

'இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் முனையத்திலேயே பதில் சொல்கிறதே' என்று கேட்பவர்கள் உண்டு. சொல்கிறது. ஆனால் எழுதப்பட்டது குறைவாக உள்ள ஊரைப் பற்றிக் கேட்கும்போதுதான், எந்த நூல், எந்தப் பக்கம் என்ற கேள்வி முக்கியமாகிறது. மூல வரியைக் காட்டாத பதிலை நான் ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்வேன். அதைக் கிரெப்பிடம் கொடுத்துச் சரிபார்க்காமல் எழுதமாட்டேன்.

இதில் பணயமாக இருப்பது எங்கள் ஊர் பற்றிய அறிவு. உ.வே.சா. 1940 முதல் ஆனந்த விகடனில் தன் சரித்திரத்தை எழுதியிருக்காவிட்டால், கனம் கிருஷ்ணையர் வாழ்ந்த உடையார்பாளையத்தைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? 1942இல் அவர் மறைந்தபோது அந்தத் தொடர் முடியாமல் நின்றது. அதை யாரோ தட்டச்சு செய்து, யாரோ பிழை திருத்தி, எழுத்தாக இணையத்தில் போட்டதால்தான் என் பழைய மடிக்கணினி அதை ஒரு நொடியில் தேடுகிறது. படமாக மட்டும் மின்னூலாக்கப்பட்ட நூல்களுக்குள் இந்தக் கருவிகளில் ஒன்றும் நுழையாது. ஜமீன் பற்றிய பழைய அச்சு நூல்கள், கோயில் வெளியீடுகள், சங்கீதப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் எழுத்தாக மாறும்வரை, நான் மேலே ஒப்பிட்ட எந்தக் கருவியின் வெற்றியும் தோல்வியும் பாதிக் கணக்குதான். நல்ல தேடல் கருவி வேண்டும் என்று கேட்கிற தமிழ் வாசகர் ஒருவர், மாதம் பத்துப் பக்கம் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தால், அடுத்த முறை யாரோ ஒருவர் தன் ஊர்ப் பெயரைத் தட்டும்போது கூடுதலாக ஒரு வரி வரும்.